இருபத்திரண்டு பேர் எழுதிய மொய்

விருந்தே வேண்டாம் என்று பத்து நாளாகப் பேசிப் பார்த்துத் தோற்றுப்போன பிரகதீஸ்வரிதான், விருந்தன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமையல்காரருக்கு வெங்காயம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தோற்றவர்களுக்கும் வேலை இருக்கும்தானே?

கணவன் குழந்தைசாமியிடம் கடைசியாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "யாரை வேணா கூப்பிடுங்க. மேலக்காட்டுக் காலனிக்கு மட்டும் பத்திரிகை போகக்கூடாது."

அவன் சரி என்றான். சொன்னபடி பத்திரிகையும் போகவில்லை.

திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஆடி மாதம் வந்தால் பந்தல் இல்லாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். கல்யாணம் இருக்காது, காதுகுத்து இருக்காது. விருந்து மட்டும் இருக்கும். ஆட்டுக்கறி போட்டுச் சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் மொய் எழுதிவிட்டுப் போவார்.

இது எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் கடிகாரத்தைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் முறை. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பம் மற்றவர்கள் விருந்துக்கெல்லாம் போய் எழுதிக்கொண்டே இருக்கும். முறை வந்ததும் அத்தனை பேரும் வந்து, முன்பு வாங்கிய பழசைத் திருப்பி, அதற்கு மேல் புதுசாகக் கொஞ்சம் வைப்பார்கள். பழசோடு கடன் தீரும். புதுசோடு அடுத்த சுற்று தொடங்கும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. எழுதிய பேரும் ஊர் வாயும்தான் ஜாமீன்.

ஒரு கோளாறு உண்டு. வாங்கியதை எப்போது திருப்ப வேண்டும் என்பது வாங்கியவர் கையில் இல்லை. அவர்கள் பந்தல் போடுகிற அன்று, உங்கள் வீட்டில் அரிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், திருப்பியாக வேண்டும். அதனால்தான் பிரகதீஸ்வரி பயந்தாள்.

குழந்தைசாமிக்கு வேறு வழி இல்லை. ஆழ்துளைக் கிணறு வற்றி எட்டு மாதம். மகள் சுபஸ்ரீக்கு நர்சிங் கடைசி வருஷக் கட்டணம் பாக்கி. அவன் ஐந்து வருஷமாக நூற்று நாற்பது வீட்டில் எழுதி வைத்த பணம் ஊருக்குள் சிதறிக் கிடக்கிறது. அதைக் கூப்பிட்டு வாங்க இந்த ஒரு நாள்தான்.

"நீ ஒன் ஆபீஸ்ல ஆயிரம் சேமிப்புத் திட்டம் போடுறே. எனக்கு இருக்கிற ஒரே திட்டம் இதுதான்" என்று அவன் சொல்லிவிட்டான்.

பன்னிரண்டு மணி வாக்கில் சுபஸ்ரீ சமையல் கொட்டகைக்கு ஓடி வந்தாள். அவள்தான் கம்ப்யூட்டரில் பேர் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேலக்காட்டு அத்தைங்க வந்திருக்காங்க."

"எதுக்கு?"

"இதென்ன கேள்வி? மொய் எழுதத்தான். எழுதியாச்சு, ரசீதும் குடுத்தாச்சு. இருபத்திரண்டு பேரு. ஆளுக்கு ரெண்டாயிரம்."

கையில் இருந்த கரண்டியை பிரகதீஸ்வரி அண்டாவின் விளிம்பில் வைத்தாள். அது வழுக்கி உள்ளே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

மேலக்காட்டுக் காலனியின் இருபத்திரண்டு குடும்பங்களும் தைல மரத் தோப்புகளில் பட்டை உரிக்கிறவர்கள். வெட்டுக் காலத்துக்கு முன்பே காண்ட்ராக்டர் மரியசெல்வம் வீட்டுக்குப் பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிடுவார். வாங்கியவர்கள் வேறு தோப்புக்குப் போக முடியாது. வெளியே ஐந்நூறு ரூபாய் கூலி நடந்தாலும் இவர்களுக்கு முந்நூற்று ஐம்பதுதான். அந்தக் கூலியில் முன்பணம் அடையாது. அடையாததால் அடுத்த வருஷமும் அவரிடம்தான். ஆட்டைக் கட்டிய கயிறு தெரியும், இந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கயிற்றை அவிழ்ப்பதுதான் பிரகதீஸ்வரி தலைமை ஏற்று நடத்தும் தொண்டு நிறுவனத் திட்டம். வீட்டுக்கு வாரம் அறுபத்தைந்து ரூபாய் சேமிப்பு. மழை நாளிலும் பிடிவாதமாகக் கட்டி, மூன்று வருஷத்தில் வீட்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் சேர்ந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை இருபத்திரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் போய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் வெட்டு தொடங்குகிறது.

ஒரே நேரத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பத்துப் பேர் மட்டும் அடைத்தால் மரியசெல்வம் அந்தப் பத்துப் பேரை விட்டுவிட்டு, மிச்சம் பன்னிரண்டு பேரை வைத்து அதே கூலிக்கு வேலையை முடித்துக்கொள்வார். இருபத்திரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் அவருக்கு ஆள் இல்லாமல் போகும். அப்போதுதான் கூலி பேச முடியும். மொத்தமாகக் கொடுத்தால்தான் வாங்குவேன், தவணை கிடையாது என்றும் அவர் சொல்லிவிட்டார்.

இப்போது வீட்டுக்கு இரண்டாயிரம் குறைகிறது. ஒரு வீட்டுக்கு இல்லை, எல்லா வீட்டுக்கும்.

அந்தப் பணம் எப்படி வெளியே வந்தது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவசரத்துக்கு ஆளுக்கு இரண்டாயிரம் வரை எடுத்துக்கொள்ளலாம், எதற்கென்று யாரும் காரணம் கேட்கக் கூடாது. அந்த விதியை எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊரெல்லாம் காரணம் கேட்டு நோகடித்த பெண்களுக்கு, தங்கள் பணத்தையாவது தலை குனியாமல் எடுக்கிற உரிமை வேண்டும் என்று எழுதினாள். அலுவலகக் கூட்டங்களில் அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள்.

பந்தலுக்குப் பக்கவாட்டில் டிராக்டர் நிழலில் அவர்கள் நின்றிருந்தார்கள். தோப்புக்குப் போகும்போது போடும் ஆண்பிள்ளைச் சட்டை யார் மேலும் இல்லை. எல்லோரும் தீபாவளிச் சேலையில் இருந்தார்கள். தலையில் பூ.

குழந்தைசாமியின் அண்ணன் வீரய்யா, பரிமாறும் ஆளிடம் கையில் இருந்த துண்டால் சைகை காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு பார்சல். கறி கொஞ்சம் தாராளமாவே வையி."

"எதுக்கு மாமா பார்சல்?" என்றாள் பிரகதீஸ்வரி.

"பந்தியில கூட்டமா இருக்கேம்மா. அவுகளும் பாவம், வேகாத வெயில்ல எம்புட்டு நேரம் நிப்பாக? கட்டிக் குடுத்துட்டா வூட்டுல போயி நிம்மதியாச் சாப்பிடுவாக."

கூட்டத்தின் முன்னால் நின்ற உண்ணாமலை சிரித்தாள். காலனிச் சங்கத்தின் தலைவி. வயது ஐம்பதுக்கு மேல். "வூட்டுல சோறு இருக்குங்க. அதுக்காக இம்புட்டுத் தூரம் வரலைங்க."

வீரய்யா எதையோ மறந்த மாதிரி வேறு பக்கம் திரும்பினார்.

 பிரகதீஸ்வரி உள்ளே போய் ஒரு கட்டு வாழை இலையைத் தூக்கி வந்தாள். கடைசி வரிசை மேசைகளைத் துடைத்தாள். இலை போட்டாள். "வாங்கக்கா, ஒக்காருங்க" என்றாள். அவர்கள் உட்கார்ந்தார்கள். அவளே சோறு வைத்தாள், அவளே கறி ஊற்றினாள். எதிர் வரிசையில் இரண்டு பேர் ரசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து போனார்கள். அதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கை கழுவுகிற இடத்தில் உண்ணாமலையைத் தனியாகப் பிடித்தாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன பண்ணிட்டோம்? ஒங்க விதிப்படி காரணம் கேக்கக் கூடாது மேடம்."

"நான் இப்ப மேடமாக் கேக்கலை."

"அப்ப யாராக் கேக்குறீங்க? பஸ் ஸ்டாப்பு ஃப்ளெக்ஸ்ல ஒங்க வூட்டுக்காரர் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. சுத்துப்பட்டு அம்புட்டுப் பேருக்கும் பத்திரிகை. பால்காரனுக்குக்கூடப் பத்திரிகை. வாரத்துக்கு ரெண்டு நாளு எங்க கையால டீ வாங்கிக் குடிக்கிற நீங்க, எங்களுக்கு மட்டும் குடுக்கலை. நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

"ஐயோ அக்கா, ஒங்க பணம் கரையக் கூடாதுன்னுதான் கூப்பிடாம இருந்தேன். சத்தியமா."

உண்ணாமலை ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "இருக்கும். ஆனா கூப்பிடாம இருக்குறவுக எல்லாருமே எங்க நல்லதுக்குத்தான் கூப்பிடலைம்பாக."

பிரகதீஸ்வரிக்குக் கால் வலித்தது. காலையிலிருந்து வலிப்பதுதான். இப்போதுதான் தெரிந்தது.

"திங்கக்கெழமை?" என்றாள் மெல்ல. "மூணு வருஷம்க்கா."

"ராவெல்லாம் பேசித்தான் முடிவு பண்ணினோம். மரியசெல்வத்துக்கிட்ட இன்னொரு வருஷம் கெடந்துட்டுப் போறோம். பழகின எடம்தானே. இந்த வாசல் அடுத்து எப்ப தொறக்கும்? அஞ்சு வருஷம் கழிச்சா?" அவள் இடுப்பில் செருகியிருந்த ரசீதை எடுத்துப் பிரித்தாள். "பாருங்க. உண்ணாமலை, மேலக்காடு. ஒங்க மக அடிச்சுக் குடுத்தது. இந்தப் பக்கத்து மொய்யில எங்காளுக பேரு ஏறினதா எங்கப்பன் காலத்துலயும் இல்ல. இனிமே நாங்க பந்தல் போட்டா ஒங்க வூட்டுல இருந்து வந்து எழுதித்தானே ஆகணும்? ஒக்காந்து சாப்பிட்டுத்தானே ஆகணும்?"

பிரகதீஸ்வரி அவளையே பார்த்தாள். மூன்று வருஷமாகத் தான் சேமிப்பைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். இவர்களோ வேறொரு இடத்தில் முதல் போட்டிருக்கிறார்கள். அதற்கான கணக்கும் தவறில்லை. வாங்கிய மொய்யைத் திருப்பாத வீடு இந்தப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சாப்பிடாமல் கவரை மட்டும் நீட்டிவிட்டு வருவதும் அவமதிப்புதான்.

"எப்பப் பந்தல் போடுறதா இருக்கீங்க?"

"அடுத்த ஆடி."

பிரகதீஸ்வரியின் களைத்த மூளைக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் இன்னொன்றில் போய்ச் சிக்கியது.

"அக்கா, இந்த ஆடியே இன்னும் முடியலையே. ஞாயித்துக்கெழமைதான் கடைசி நாளு."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கெழமை நீங்க விருந்து வச்சா, இன்னைக்கு வாங்கினதை அன்னைக்கே நாங்க திருப்பி எழுதணும். புதுசும் சேத்து. திங்கக்கெழமை காலையில ஒங்க கையில பத்தாயிரமும் இருக்கும்."

 உண்ணாமலையின் உதடு கணக்குப் போட்டது. "ரெண்டு நாள்ல ஆட்டுக்கு எங்கிட்டுப் போறது?"

"கோழி போதும். வூட்டுக்கு ஒரு கோழி இருக்குல்ல?"

"கோழிக்கு யாரு மேடம் வருவா?"

"ஆடு அடிச்சா மட்டும் வந்துருவாங்களாக்கும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு பிரகதீஸ்வரி சிரித்தது அந்த ஒரு தடவைதான். உண்ணாமலைதான் முதலில் நிறுத்தினாள்.

"ஒன்னு சொல்லிப்புடுறேன். ஒங்க கையால திருப்பி எழுதுறது ஆகாது. நீங்க எங்க வூட்டுல சாப்பிடுற ஆளு, அது கணக்குல வராது. நாங்க எழுதினது ஒங்க வூட்டுக்காரர் பேருல. அவரு வரணும். வந்து எலையில ஒக்காரணும். இல்லைன்னா வேணாம், நாங்க அடுத்த வருஷமே பாத்துக்குறோம்."

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்தது. நோட்டு எண்ணும் மெஷின் படபடவென்று ஓடி நின்றது. குழந்தைசாமி பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டிருந்தான். ஆறு லட்சத்துக்கு மேல். அவன் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது. அதைக் கெடுக்க அவளுக்கு மனசே இல்லை.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கேட்டுவிட்டு, "நாப்பத்தி நாலாயிரத்தை இப்பவே எடுத்துட்டுப் போயிக் குடுத்துரு. கூட ஆறாயிரம் வேணாலும் வச்சுக் குடு. நான் மறுப்புச் சொல்லலை" என்றான்.

"விருந்துக்குப் போகாமத் திருப்பிக் குடுத்தா அதுக்குப் பேரு மொய்யா?"

அவனுக்கே தெரியும். தெரிந்ததால் கோபம் வந்தது. "அண்ணன் என்ன சொல்லுவாரு தெரியும்ல? புது போருக்குக் கரண்டு லைன் அவரு கொல்லை வழியாத்தான் வரணும். கம்பம் ஊன விடமாட்டேன்னுட்டா? இந்த ஆறு லட்சத்துக்குக் குழி தோண்டிட்டு, அதுக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கணும்."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"கேக்குறதுக்கு எனக்கும் தெம்பு இல்லைங்க. ஆனா அந்தக் காசை நீங்க வாங்கிட்டீங்க. வாங்காம இருந்திருந்தா நான் கேக்கவே மாட்டேன்."

அவன் எழுந்தான். எங்கே என்று சொல்லாமல் மைக் இருந்த பக்கம் நடந்தான். பந்தல் பிரிக்கும் நேரத்தில், அடுத்தடுத்து வரும் விருந்துகளை மைக்கில் சொல்லிவிட்டுத்தான் கலைவார்கள். அங்கே எத்தனையோ பேர் நின்றார்கள். அவன் யாரோடு என்ன பேசினான் என்று தெரியவில்லை.

மைக் கரகரத்தது.

"நாளை சனிக்கிழமை கீழத்தெரு தங்கமுத்து வகையறா மொய் விருந்து. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை..." குரல் நின்றது. காகிதத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. "ஞாயிற்றுக்கிழமை, மேலக்காடு காலனி, உண்ணாமலை உள்ளிட்ட இருபத்திரண்டு குடும்பத்தார் மொய் விருந்து. அனைவரும் வருக."

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்த வீரய்யா, எண்ணிக்கையை விட்டுவிட்டு நேராக இந்தப் பக்கம் வந்தார். அதற்குள் குழந்தைசாமியும் திரும்பி வந்திருந்தான்.

"யாரு சொல்லச் சொன்னது?"

"நான்தாண்ணே."

"நீ அங்கிட்டுப் போயி எலையில ஒக்காரப் போறியா?"

 அண்ணனிடம் நேருக்கு நேர் பேசி குழந்தைசாமிக்குப் பழக்கமில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் சொல்லை ஒருதரம்கூடத் தாண்டாதவன். பிரகதீஸ்வரி அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். பார்த்தால் அவன் தனக்காகச் சொல்வதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். பெட்டியைத் திறந்து அண்ணன் முன்னால் நகர்த்தினான். உள்ளே ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி இருந்தன.

"இதுல எது அவுக நோட்டுன்னு பிரிச்சு எடுத்துக் குடுங்கண்ணே. நான் போகலை."

வீரய்யா பெட்டியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாளைக்கு விடிஞ்சதும் என் கொல்லைப் பக்கம் வா" என்றார். "லைன் போடுறதப் பத்திக் கொஞ்சம் பேசணும்."